ஆற்றுப்படலம் இல்லாத காவியம்

தமிழிலே காவியம் பாட உட்கார்ந்தவன் எடுத்த எடுப்பிலே கதாநாயகனைக் கொண்டுவந்து நிறுத்திவிட முடியாது. அவனுக்கு முன்னால் ஆறு வரவேண்டும். கம்பர் அப்படித்தான் செய்திருக்கிறார். பாயிரம் முடிந்ததும் ஆற்றுப்படலம், அப்புறம் நாட்டுப்படலம், நகரப்படலம் மூன்றாவதாகத்தான் வருகிறது. தசரதச் சக்கரவர்த்தியே அதற்கும் பிறகு காத்திருக்கிறார். மேகம் கடலுக்குப் போகிறது, நீரை முகக்கிறது, மலையிலே வந்து பெய்கிறது, பெய்தது சரயு நதியாகிக் காடும் வயலும் கடந்து வருகிறது. அயோத்தி மாளிகைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே, அந்த மாளிகைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது என்று வாசகனுக்குத் தெரிந்து போகிறது.

பள்ளிக்கூடத்திலே இதைச் 'சம்பிரதாயம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். பரீட்சைக்கு வராது என்று தெரிந்தால் பிள்ளைகளும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ இதைச் சம்பிரதாயம் என்று சொல்லி முடித்துவிட மனம் வரவில்லை. ஒரு நகரத்தை மெச்சுவதற்கு முன் அதன் தண்ணீரின் பூர்வோத்தரத்தை விசாரித்துக் கொள்ள வேண்டும் என்பது கவியின் நாணயத்தைச் சேர்ந்த விஷயம். கணக்குப் பிள்ளை வரவு எழுதாமல் செலவு எழுதினால் ஒத்துக்கொள்வோமா?

இந்த நாணயத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் கம்பர்கூட இல்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற வழியிலே மேலகரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. சீசனுக்கு வருகிறவர்கள் காரின் கண்ணாடியை இறக்கிச் சாரல் விழுகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிற இடம். அதற்குமேல் அவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அங்கே பிறந்தவர்தான் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலக் குறவஞ்சி பாடியவர். அந்தப் பாட்டுக்காக மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் ஏற்பட்டது.

குறவஞ்சியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு வசந்தவல்லி மயங்குகிறாள். குறி சொல்லச் சிங்கி வருகிறாள். வந்தவள் உடனே கையைப் பிடித்துப் பார்த்து விடுகிறாளா? இல்லை. அவளை ஊர் விசாரிக்கிறார்கள். அவளும் தன் மலையைச் சொல்கிறாள். குரங்குகள் பழத்தைக் கொடுத்துக் கொஞ்சுவதைச் சொல்கிறாள். தேனருவியின் திவலை ஆகாயம் மட்டும் எழும்பி அங்கே போகிற சூரியனுடைய வண்டியையே சறுக்க வைப்பதைச் சொல்கிறாள். அப்புறம் நாடு, தலம், உறவுமுறை. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் குறி. எந்த ஊர்க்காரி என்று கேளாமல் கையை நீட்டுகிற பெண் எந்த வீட்டிலும் இல்லை அல்லவா? தன் மலையைச் சொல்லத் தெரியாதவள் மற்றவர்களின் வருங்காலத்தைச் சொல்ல வந்தால் நம்புவது எப்படி?

இவ்வளவு பீடிகையும் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்வதற்காக. நாவல் அல்ல, கவிதை அல்ல. பசுமைக் கட்டடங்களுக்குச் சான்றிதழ் வழங்குவதற்காக ஏற்பட்ட விதிப் புத்தகம். கட்டடக் கலையில் தேர்ந்த நண்பர் ஒருவர் என்னிடம் கொடுத்து, "ஸார், நாவல்களையே விமரிசனம் பண்ணிக்கொண்டிருக்கிறீர்களே, இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்" என்றார். படித்தேன். விமரிசனம் பண்ணத் தகுந்த புத்தகம் என்பதில் சந்தேகமில்லை. ஒரு தலைமுறையின் மாளிகைகள் இதைப் பார்த்துத்தான் எழும்பியிருக்கின்றன.

விவரம் தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலே 1993-இல் பசுமைக் கட்டட மன்றம் என்று ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. அது வகுத்த மதிப்பெண் முறைக்கு 'லீட்' என்று பெயர். நம் நாட்டிலே 2001-இல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் தோன்றியது. 2004-இல் ஹைதராபாத்திலே ஜனாதிபதி அப்துல் கலாம் திறந்து வைத்த சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், அமெரிக்காவுக்கு வெளியே லீட் முறையில் 'பிளாட்டினம்' பெற்ற முதல் கட்டடம். 2007-இல் மத்திய சர்க்கார் 'கிருஹா' என்ற நம் நாட்டு முறையையும் ஏற்றுக்கொண்டது. லீட் முறையில் அடிப்படை மதிப்பெண் 100. நாற்பது வாங்கினால் தேர்ச்சி, அறுபதுக்குத் தங்கம், எண்பதுக்குப் பிளாட்டினம். பள்ளிக்கூடத்து மார்க்கு ஷீட் மாதிரிதான். வாங்கினவர்கள் வாசலிலே கண்ணாடிப் பலகையில் பொறித்து மாட்டிக் கொள்கிறார்கள்.

நான் படித்தது 2009-ஆம் வருஷத்துப் பதிப்பு. அதற்குப் பின் வேறு பதிப்புகளும் வந்திருக்கின்றன; 2025-இல் ஐந்தாவது வெளியாகிவிட்டது. ஆனால் இன்று நம் பெரிய பட்டணங்களில் வாசலிலே பலகை மாட்டிக்கொண்டு நிற்கும் கட்டடங்களில் பல அந்தப் பழைய விதிகளையோ அவற்றின் இந்திய வடிவத்தையோ வைத்துத் தேறியவை. ஆகவே அதையே எடுத்துக்கொள்வது நியாயம்.

புத்தகத்தின் நல்ல பகுதிகளை முதலில் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பற்றிய அத்தியாயம் அபாரமான நுணுக்கத்துடன் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு காரியாலயத்தில் வேலை பார்க்கிற ஸ்திரீ நாளைக்கு மூன்று தரம் ஒதுங்குவாள். புருஷன் வேறு கணக்கில். ஒவ்வொருவரும் மூன்று தரம் கை கழுவுவார்கள். ஒரு தரம் கழுவ 15 விநாடி. தானே மூடிக்கொள்ளும் குழாயானால் 12 விநாடி. பழைய தொட்டி ஒரு தடவைக்கு 6 லிட்டர் கொட்டுகிறது. புதியது அதற்கும் குறைவு. இப்படியெல்லாம் கூட்டிப் பெருக்கி, வழக்கமான செலவைவிட 20 சதவிகிதமாவது குறைத்தால்தான் உள்ளேயே விடுவார்கள். 30, 35, 40 என்று குறையக் குறைய மார்க்கு. தமிழ் நாவலாசிரியர்கள் தங்கள் பாத்திரங்களின் தினசரி வாழ்க்கையை இவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தால் நம் இலக்கியம் எங்கேயோ போயிருக்கும்!

அந்த 'வழக்கமான செலவு' என்பது என்ன என்று கேட்பீர்கள். அதுதான் வேடிக்கை. நீங்கள் கட்டுகிற கட்டடத்துக்குப் பக்கத்திலே, அதே அளவில், அதே ஜனத்தொகையுடன், சிக்கனம் தெரியாத இன்னொரு கட்டடம் இருப்பதாகப் பாவனை செய்துகொள்ள வேண்டும். அந்தப் பாவனைக் கட்டடத்தைவிட உங்கள் கட்டடம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்பதற்கே மார்க்கு. நாவல் எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு இந்தப் பாவனைக் கட்டடத்தின்மேல் பொறாமையே உண்டாயிற்று. உலகத்திலே எத்தனை ஆயிரம் மாளிகைகள் இந்த ஒரு கற்பனைப் பாத்திரத்தின் முதுகில் ஏறிப் பரிசு வாங்கியிருக்கின்றன!

கற்பனை இருக்கட்டும். அது தவறில்லை, ஏதோ ஒன்றோடு ஒப்பிட்டுத்தானே ஆகவேண்டும். என் குறை வேறு. புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டியும் அந்தத் தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர் என்ற கேள்வி எனக்குத் தட்டுப்படவில்லை. 'குடிநீர்' என்ற சொல்லுக்கு அது கூறும் இலக்கணத்தைப் பாருங்கள்: மனிதர் குடிப்பதற்குத் தகுந்த தரம் உள்ளதாக அதிகாரிகளால் ஒப்புக்கொள்ளப்பட்ட நீர், அது கிணற்றிலிருந்தும் வரலாம், நகரசபைக் குழாயிலிருந்தும் வரலாம். அவ்வளவுதான். தரம் கேட்கிறது, ஊர் கேட்கவில்லை. உங்கள் மனைக்குள் இருக்கிற கிணற்று நீரும், முப்பது மைலுக்கு அப்பாலிருந்து லாரியில் வருகிற நீரும், கடலைக் காய்ச்சி உப்பெடுத்துக் குழாயில் வருகிற நீரும் இந்தப் புத்தகத்தின் கண்ணுக்கு ஒன்றேதான். ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்.

இதை நான் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எங்கேயாவது ஒரு எல்லைக்கோடு போட்டுத்தானே ஆகவேண்டும் ஸார்? கட்டடக்காரன் தன் மனைக்குள் நடப்பதற்குத்தான் ஜவாப்தாரி. வெளியே நடப்பது சர்க்கார் காரியம்" என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகமே அந்த நியாயத்துக்குக் கட்டுப்படவில்லையே! செங்கலும் இரும்பும் எந்த ஊரிலிருந்து வருகின்றன என்று கேட்டு, 800 கிலோமீட்டருக்குள் எடுத்துச் செய்ததானால் மார்க்குக் கொடுக்கிறது. பிந்தைய பதிப்பிலே அந்த வட்டத்தை 160 கிலோமீட்டராகச் சுருக்கியும் விட்டார்கள். மின்சாரம் எங்கோ தூரத்திலே காற்றாடியில் உற்பத்தியானதாக இருந்தாலும், அதை விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டால் அதற்கும் மார்க்கு உண்டு. வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் கால் மைலுக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்த்து அதற்கும் மார்க்குப் போடுகிறது. செங்கலுக்காக எல்லை தாண்டலாம், மின்சாரத்துக்காகத் தாண்டலாம், பஸ்ஸுக்காகத் தாண்டலாம். தண்ணீருக்காக மட்டும் தாண்டக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? செங்கலாவது கட்டும்போது ஒரு தரம் வருகிறது. தண்ணீர் கட்டடம் நிற்கிற காலம் முழுவதும் தினந்தோறும் வந்துகொண்டிருக்கிறது.

சென்னைப் பட்டணத்தின் பழைய மகாபலிபுரம் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரு புறமும் கண்ணாடி மாளிகைகள். அவற்றிலே பசுமைப் பலகை மாட்டியவை எத்தனையோ. 2019-ஆம் வருஷத்துக் கோடையிலே பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு போயின. அந்தச் சாலையில் அப்போது குழாய்த் தண்ணீர் போதவில்லை. லாரித் தண்ணீரே கதி. அதுவும் தட்டுப்பட்டபோது சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. பிளாட்டினமும் தங்கமும் வாசலிலே மின்னிக்கொண்டிருந்தன; உள்ளே குழாயைத் திறந்தால் காற்று வந்தது. அந்த ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்து சேர்ந்தது. 50 வாகன், 25 லட்சம் லிட்டர். காவிரித் தண்ணீர். அதை அனுப்பிய பிரதேசம் அப்போது வேலூர் மாவட்டம். எங்கள் தாகத்துக்கு வழி சொல்லிவிட்டு அப்புறம் பட்டணத்துக்குக் கொண்டு போங்கள் என்று அங்கே எதிர்ப்புக் குரலும் எழும்பிற்று. (அந்த வருஷம் நவம்பரிலே அது திருப்பத்தூர் மாவட்டமாகப் பிரிந்தது, அதே மாதத்தில்தான் எங்கள் தென்காசியும் தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் பிரிப்பது சுலபம்; ஆற்றைப் பிரிப்பதுதான் கஷ்டம்.)

அந்தச் சாலையிலே ஒரு மாளிகையைச் சுற்றிப் பார்க்க நண்பர் என்னை அழைத்துக்கொண்டு போனார். பெயர் வேண்டாம். உள்ளே ஒரு இளைஞர் வந்து எல்லாவற்றையும் விளக்கினார். இரண்டு பொத்தான் வைத்த தொட்டி, கையைக் காட்டினால் மட்டும் ஒழுகுகிற குழாய், கழிவு நீரைச் சுத்தம் செய்து திரும்பப் புழங்குகிற யந்திரம், மழைநீர்க் குழிகள். எல்லாம் மெய்யாகவே நேர்த்தியாக இருந்தன. "நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். "சம்ப்பிலிருந்து ஸார்" என்றார் இளைஞர். "சம்ப்புக்கு?" அவர் என் நண்பரைப் பார்த்தார்.

பின்புற வாசலில் லாரி நின்றது. ஓட்டுகிறவர் எங்கள் பக்கத்து ஆசாமி, பேச்சிலேயே தெரிந்துவிட்டது. "எந்த ஊர்த் தண்ணி தம்பி?" என்றேன். "இன்னைக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊரு அண்ணாச்சி. கெணறு ஊறுத வரைக்கும் அந்த ஊரு, வத்திட்டுன்னா அடுத்த ஊரு" என்றார். புத்தகத்திலே விட்டுப்போன அத்தியாயத்தை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். காவலாளியிடம் ஒரு நோட்டு இருந்தது. லாரி எண், வந்த நேரம், லிட்டர், தொகை என்று நாலு பத்தி போட்டிருந்தார்கள். ஊர் என்று ஐந்தாவது பத்தி இல்லை.

கிராமத்துக் கிணறுகளிலிருந்து பட்டணத்துக்குத் தண்ணீர் கடத்துவதைக் கட்டுப்படுத்த 1987-லேயே சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் எடுக்கக் கூடாது, லாரியில் கொண்டு போகக் கூடாது என்பது அதன் சாரம். ஆக, சட்டத்துக்கு இந்தக் கேள்வி தெரியும். சான்றிதழுக்குத்தான் தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடலாம். புத்தகத்துக்கு அதன் பாஷையிலேயே பதில் சொன்னது போலாகும். காரியாலயத்துக்கு ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 45 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு வைத்திருக்கும் அளவு. 5,000 பேர் வேலை செய்கிற மாளிகைக்கு 2,25,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற லாரியானால் 19 லாரி. மிகவும் சாமர்த்தியமாக 40 சதவிகிதம் குறைத்தால் 1,35,000 லிட்டர், 12 லாரி. நாளைக்கு ஏழு லாரி மிச்சம். இது நல்ல காரியம். இதைக் குறைத்துப் பேச எனக்கு உத்தேசமே இல்லை. எங்கோ ஒரு கிராமத்தில் ஏழு லாரித் தண்ணீர் பூமிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பாக்கி 12 லாரி? அது எந்தக் கிராமத்திலிருந்து வந்தாலும் சரிதானா? வயல்காட்டுக்கு நடுவே, ஏற்கனவே கீழே போய்விட்ட கிணற்றிலிருந்து உறிஞ்சினாலும், ஏரி நிறைந்து வழிகிற ஊரிலிருந்து எடுத்தாலும், மாளிகைக்கு ஒரே மார்க்குதான்.

மழைநீரைப் பிடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டிலே 2003-லிருந்து அதை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள், நல்ல சட்டம். அந்த மாளிகைக்கு 5,000 சதுர மீட்டர் மொட்டைமாடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையில் வருஷ மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் பிடித்தாலும் 70 லட்சம் லிட்டர். தினம் 1,35,000 லிட்டர் என்றால் 52 நாள் வரும். பாக்கி நாட்களுக்கு அயலூர் நீரைத்தான் நம்ப வேண்டும். உயர்ந்து நிற்கிற எந்தக் கட்டடத்துக்கும் இதுதான் விதி. கழிவு நீரைத் திருப்பிப் புழங்கலாம். ஆனால் அதுவும் லாரியில் வந்த நீருக்கு இன்னொரு பிறவிதானே? மனைக்கு வெளியிலிருந்து வருகிற தண்ணீர், இந்தக் கதையிலே தலைகாட்டிவிட்டுப் போகிற துணைப்பாத்திரம் அல்ல, அதுதான் கதாநாயகன். கதாநாயகன் எந்த ஊர் என்று சொல்லாத நாவலை நாம் படிப்போமா?

வெளியூர்த் தண்ணீரைக் குடிப்பது பாவம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டணம் என்று ஏற்பட்டால் அது அயலூர் நீரைக் குடித்துத்தான் தீரும். கம்பருடைய அயோத்தியும் மலையில் பெய்த மழையைத்தான் குடித்தது. சென்னைக்கு ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் வருகிறது. 1983-இல் ஒப்பந்தம் எழுதி, 1996-இல் முதல் தண்ணீரைக் கண்ணால் பார்த்தோம். 200 கிலோமீட்டருக்கும் மேலே குழாய் போட்டு வீராணத்திலிருந்து 2004 முதல் கொண்டு வருகிறோம். மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் ஏற்பட்டன. கடல்நீரிலிருந்து 1,000 லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க மூன்று நாலு யூனிட் மின்சாரம் ஆகிறது. நம் மாளிகையின் 1,35,000 லிட்டரும் அப்படி வருவதானால் தினம் 400, 500 யூனிட். இந்த மின்சாரம் மாளிகையின் மீட்டரில் ஓடுவதில்லை. ஆகவே மாளிகையின் மின்சார அத்தியாயத்திலும் இது ஏறுவதில்லை. லாரியின் டீசலும் அப்படியே. ஒரு அத்தியாயத்தில் விட்டுப்போனது இன்னொரு அத்தியாயத்தையும் பொய்யாக்குகிறது. நாவலிலும் இப்படித்தான் நடக்கும். முதல் அத்தியாயத்தில் மறைத்தது பதினைந்தாவது அத்தியாயத்தில் வந்து காலை வாரும்.

வெளியிலிருந்து வருகிற நீரிலேயே ஒன்றைப் புத்தகம் புரிந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நகரசபை சுத்தம் செய்து அனுப்புகிற கழிவு நீரைத் தோட்டத்துக்கும் தொட்டிக்கும் உபயோகித்தால் குடிநீர் செலவு குறைகிறது. அதற்கு மார்க்கு உண்டு. மணலியிலே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் 1990-களிலிருந்தே சென்னையின் கழிவு நீரை வாங்கிச் சுத்தம் செய்து புழங்கி வருகின்றன. இவர்களுக்கு எந்தச் சபையும் மாலை போட்டதாக ஞாபகமில்லை. நல்ல நீரை ஊராருக்கு விட்டுவிட்டு ஊரார் விட்ட நீரைத் தான் எடுத்துக்கொள்வது பெரிய தர்மம் அல்லவா? ஆனால் இங்கேகூடப் புத்தகம் பார்ப்பது 'எப்படிப்பட்ட நீர்' என்பதைத்தான். 'யாருடைய நீர்' என்பதை அல்ல. தற்செயலாக இரண்டும் ஒத்துப் போகின்றன.

சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டசபைக்காக ஒரு கட்டடம் கட்டினார்கள். 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். பசுமைத் தங்கச் சான்றிதழும் கிடைத்தது. சர்க்கார் மாறியது, சட்டசபை கோட்டைக்கே திரும்பிப் போயிற்று, 2014-இல் அந்தக் கட்டடம் ஆஸ்பத்திரியாயிற்று. ஆஸ்பத்திரியால் ஏழைகளுக்கு உபகாரந்தான். ஆனால் எம்.எல்.ஏ. கை கழுவுகிற கணக்கும் ரண சிகிச்சை டாக்டர் கை கழுவுகிற கணக்கும் ஒன்றாகுமா? பாத்திரங்கள் முழுவதும் மாறிவிட்ட பிறகும் முதல் பதிப்பின் மதிப்புரையை அட்டையிலே அச்சிட்டுக்கொண்டிருப்பது போலத்தான் அந்தச் சான்றிதழ்.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். இந்தப் பிரச்னை பட்டணத்தோடு நிற்கவில்லை என்பதற்காகத்தான். குற்றாலத்து அருவிகளில் விழுகிற தண்ணீர் விழுந்தவுடன் தீர்ந்து போவதில்லை. சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, அணைக்கட்டும் கால்வாயும் குளமுமாகப் பிரிந்து வயல்களைக் கண்டுவிட்டு, மிஞ்சியது சீவலப்பேரிப் பக்கம் தாமிரவருணியிலே கலக்கிறது. குளிக்க வருகிறவருக்கு அருவிதான் முடிவு. மேலகரத்து விவசாயிக்கு அதுதான் ஆரம்பம். 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலே, குற்றாலம் பகுதியிலும், தனியார் விடுதிகள் இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பித் தங்கள் காம்பவுண்டுக்குள் செயற்கை அருவி உண்டாக்கிக்கொள்கின்றன என்பது குற்றச்சாட்டு. போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கக் குழு அமைக்கும்படி நீதிபதிகள் உத்தரவிட்டார்கள்.

இப்படிப்பட்ட விடுதி ஒன்று நாளைக்குப் பசுமைச் சான்றிதழுக்கு மனுப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி கிடையாது, குழாய் கிடையாது, கடல்நீர் யந்திரம் கிடையாது. ஓடை அதன் நிலத்தின் வழியாகவே வருகிறது. மனைக்கு உள்ளே கிடைத்த நீரா, வெளியே கிடைத்த நீரா? வரைபடத்தைப் பார்த்தால் உள்ளே. திரிகூடமலையைப் பார்த்தால் வெளியே. தொட்டியில் இரண்டு பொத்தான் வைத்து, புல்தரைக்குக் கழிவு நீரை விட்டு, பாவனை விடுதியைவிட 40 சதவிகிதம் குறைத்துக் காட்டினால் முழு மார்க்கும் கிடைத்துவிடும். கீழே கால்வாயில் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. பட்டணத்தில் கேட்கத் தவறிய கேள்வி கிராமத்திலே எவ்வளவு பெரிய அநியாயத்துக்கு வாசலைத் திறந்துவிடுகிறது, பார்த்தீர்களா? ஓமந்தூராரிலும் ஹைதராபாத்திலும் இது வெறும் விட்டுப்போன பத்தி. மேலகரத்திலே இது ஒருவருடைய கார் சாகுபடி.

கோமல் சுவாமிநாதன் 1980-இல் 'தண்ணீர் தண்ணீர்' என்று ஒரு நாடகம் போட்டார். மறு வருஷம் பாலசந்தர் அதைப் படமாக எடுத்தார். பல மைலுக்கு அப்பாலிருந்து வண்டியிலே தண்ணீர் கொண்டுவந்து ஒரு வறண்ட கிராமத்துக்குக் கொடுக்கிறான் வெள்ளைச்சாமி. அதிகார வர்க்கத்தைச் சாடிய நாடகம் என்று பலரும் பாராட்டினார்கள், வாஸ்தவந்தான். எனக்கு அதிலே பிடித்தது வேறு. அந்தக் கிராமத்துக் குழந்தைக்குக்கூடத் தான் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து, யார் கையால், எவ்வளவு தூரம் வந்தது என்று தெரியும். சோழிங்கநல்லூரில் கண்ணாடி மாளிகையின் பதினோராவது மாடியில் உட்கார்ந்திருக்கிற எம்.ஏ. பட்டதாரிக்குத் தெரியாது. தெரியாதபடி அவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள்.

"சரி ஸார், நீங்கள் என்ன எழுதச் சொல்கிறீர்கள்?" என்று கடைசியில் நண்பர் கேட்டார். குறை சொல்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு பக்கம் போதும் என்றேன். உங்கள் குடிநீர் எந்த ஆறு, எந்த ஏரி, எந்த ஊர்க் கிணறு? எத்தனை கிலோமீட்டர் வருகிறது? எடுக்க அனுமதி உண்டா? ஆயிரம் லிட்டரைக் கொண்டுவர எவ்வளவு மின்சாரம் அல்லது டீசல்? எடுக்கிற இடத்திலே சித்திரை வைகாசியில் ஊர்க் கிணற்றின் ஆழம் என்ன? இவற்றுக்குப் பதில் எழுதாதவருக்குத் தண்ணீர் அத்தியாயத்தில் மார்க்கு இல்லை. பதில் எழுதியவருக்கு, அருகிலிருந்தும் நிறைந்த இடத்திலிருந்தும் எடுத்தால் கூட. தூரத்திலிருந்தும் வறண்ட இடத்திலிருந்தும் எடுத்தால் குறைய. நகரசபைக் குழாயானால் நகரசபையே வருஷத்துக்கு ஒரு தரம் அந்தப் பக்கத்தை எழுதி அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடலாம்.

"லாரிக்காரர் சொல்வதை யார் சரி பார்ப்பது?" என்றார் நண்பர்.

செங்கலுக்கு யார் சரி பார்க்கிறார்கள் என்று கேட்டேன். விற்றவர் ஒரு கடிதம் கொடுப்பார். அதை மனுவோடு இணைப்பது வழக்கம் என்றார். அப்படியானால் லாரிக்காரரும் ஒரு கடிதம் கொடுக்கட்டுமே. காவலாளியின் நோட்டிலே ஐந்தாவது பத்தி ஒன்று போடட்டுமே. பொய் எழுதினால் போய்ப் பார்க்க ஊர் என்று ஒன்று அகப்படும் அல்லவா என்றேன். நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். விதிகளைத் திருத்துகிறபோது அபிப்பிராயம் கேட்டு வாங்குகிறார்கள், இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டும் என்றார். நான் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயர்த்து அனுப்புவதாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.